நாளைக்குக் கப்பல்

கப்பல் கிளம்ப இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கூடத்தில் விரித்துப் போட்ட வரைபடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏங்க, ஒரு கப்பல் பயணத்துக்கு இவ்வளவு அலட்டலா?” என்றாள் மனைவி.

“பார்க்காத நாடு, தெரியாத கரைடி.”

“கூட வர்றவங்களும் பார்த்ததில்லைதானே? அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்காங்க.”

“அவங்களுக்கென்ன? இந்தக் கலங்கரை விளக்கம் முதல்ல வருமா, கோட்டை முதல்ல வருமா?”

“எது முதல்ல வந்தா என்ன? ரெண்டும் ஓடியா போகப்போகுது?”

“யாராவது கேட்டு நான் திருதிருன்னு முழிச்சா மானம் கப்பலேறிடும்.”

“ஏறட்டும். துணைக்கு நீங்களும்தானே ஏறுறீங்க?”

அவர் பதிலுக்கு முறைப்பதற்குள் கைப்பேசி அடித்தது. எடுத்தார். உடன் பயணம் செய்யவிருக்கும் ஓர் அம்மாள். புது இடமென்று பயமாக இருக்கிறதாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலில் நடுக்கம் போய்க் கம்பீரம் வந்தது.

“கவலையே படாதீங்கம்மா. அந்தக் கரையில எனக்குத் தெரியாத பாறையே கிடையாது. எத்தனை வருஷமா சுத்திக்காட்டுறேன்! தைரியமா வாங்க, நான்தானே உங்க கைடு!”