பார்த்தாச்சு

பழைய வீடுகளை அவற்றின் சொந்தக்காரர்களே பொதுமக்களுக்குத் திறந்துவிடும் சனிக்கிழமையில் சுற்றிப் பார்க்க ரெங்கசாமி ஒரு மாதமாக அட்டவணை போட்டார். பட்டியலில் பன்னிரண்டு வீடுகள். ஒன்றை மட்டும் ‘பார்த்தாச்சு’ என்று அடித்துவிட்டு, மற்றவற்றுக்கு நிமிடக் கணக்கில் நேரம் ஒதுக்கினார்.

கிள்ளானில் முதல் வீடே பூட்டிக் கிடந்தது.

“ஒம்பது மணிக்குத் தொறக்கணும் லா! பேரைக் கொடுத்துட்டு ஆளையே காணோம்!”

“பாவம், மறந்திருப்பாரு,” என்றாள் மனைவி சந்திரகலா.

“சொந்த வீட்டை எவனாச்சும் மறப்பானா?”

அதற்குள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். “சாரி அங்கிள், பாசார் பக்கம் ஒரே ஜாம். காய்கறி வாங்க அவ்வளவு கூட்டம்.”

“சாக்குப் போக்கு சொல்லாதீங்க தம்பி. பொறுப்பு வேணும்!”

ரெங்கசாமியின் கைப்பேசி அடித்தது. ஏற்பாட்டுக் குழுப் பெண் பேசினாள்.

“அங்கிள், எங்க இருக்கீங்க? பிரிக்பீல்ட்ஸ்ல உங்க வீட்டு வாசல்ல நாப்பது பேர் நிக்கிறாங்க. கேட் பூட்டியிருக்கு!”

ரெங்கசாமி பட்டியலைப் பார்த்தார். ‘பார்த்தாச்சு’ என்று அவர் அடித்திருந்தது, அவரே ஆர்வமாகப் பெயர் கொடுத்திருந்த தன் சொந்த வீட்டை.

வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இதோ வந்துகிட்டே இருக்கேன்மா... பாசார் பக்கம் ஒரே ஜாம்.”