ரெண்டு கிழமை செல்லும்

"சும்மா பார்க்கறதுக்கே நாற்பது டாலரா? கொள்ளைக்காரன்!"

டூல்பாக்ஸோடு வாசலில் நின்ற அமெரிக்கனை உள்ளே விடாமலே கதவைச் சாத்தினார் கஸ்தூரிரங்கன். வெளியே வெஸ்ட் வின்ட்சர் முழுக்க முழங்காலளவு பனி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நேற்றுக் காலையிலிருந்து ஓடவில்லை.

வீடு அவருடையதல்ல, தம்பி வாஞ்சிநாதனுடையது. பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்தவர், ஆறு வாரமாகத் தம்பி மகளின் அறையில் இருக்கிறார். மகள் ஹால் சோபாவில் படுக்கிறாள்.

"ஏண்டா, பெரிய இன்ஜினீயர்ங்கற. ஒரு ஹீட்டரை ரிப்பேர் பண்ண சீப்பா ஆள் பிடிக்கத் துப்பில்லை. இவன் குமாஸ்தா வேலைக்குத்தான் லாயக்குன்னு அப்பா அப்பவே சொன்னார்."

வாஞ்சிநாதன் எல்லோ பேஜஸைப் புரட்டி இன்னொரு நம்பரைச் சுழற்றினார். ரேட்டைக் கேட்டு அண்ணனிடம் சொன்னார்.

"ஐம்பதா? வைடா போனை!"

குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார் கஸ்தூரிரங்கன். "நகரு. நானே பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்க்கறேன்."

"வேண்டாம்ண்ணா. கேஸ் சமாச்சாரம்." வாஞ்சிநாதன் குறுக்கே வந்து நின்றார். இந்த ஆறு வாரத்தில் அண்ணனுக்கு அவர் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி கம்பளிக்குள் புகுந்துகொண்டார்.

சமையலறையில் ஷ்யாமளா குரலைத் தாழ்த்திக் கணவர் வாஞ்சிநாதனைப் பிடித்துக்கொண்டாள். "குளிர் தாங்காம குழந்தையை என் சிநேகிதி ருக்மிணி வீட்டுல விட்டிருக்கேன். இன்னும் எத்தனை நாள்? யாராயிருந்தாலும் வரச் சொல்லுங்கோளேன்."

மத்தியானம் பக்கத்து ஊர் எடிசனிலிருந்து ஃபர்னஸ் ரிப்பேர்காரர் பேரின்பநாதன் வந்தார். பார்ப்பதற்கு இருபது டாலர். அவர் காதுபடவே கஸ்தூரிரங்கன் சொன்னார்: "சிலோன்காரனா? இருபது டாலருக்கு ஏத்த மூஞ்சி. இவனுக்கு ஃபர்னஸ் பத்தி என்ன தெரியப்போறது?"

பேரின்பநாதன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வாஞ்சிநாதனோடு கீழே இறங்கினார். பத்து நிமிஷத்தில் இருவரும் மேலே வந்தார்கள்.

"என்னய்யா கோளாறு?"

பதில் சொல்லுமுன் பேரின்பநாதன் வாஞ்சிநாதனின் முகத்தை ஒருதரம் பார்த்தார். "ஒரு பார்ட் மாத்தோணும் ஐயா. அது ஒஹாயோவில இருந்து வரோணும். ரெண்டு கிழமை செல்லும்."

"ரெண்டு வாரமா? இந்த ஐஸ்பெட்டியில நான் விறைச்சுச் சாகணுமா?" கஸ்தூரிரங்கன் போனைப் பிடுங்கி, டெக்ஸாஸில் ரிச்சர்ட்சனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஜம்புநாதனைக் கூப்பிட்டார். சாயங்கால ப்ளேனுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

நியூவர்க் ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிவைத்த தம்பியிடம் நன்றி சொல்லவில்லை. "நீ உருப்படமாட்டேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாஞ்சிநாதன் வீடு திரும்பியபோது ஷ்யாமளா எரியும் அடுப்பருகே கைகளைக் காட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏளனம் அப்பட்டமாக இருந்தது.

"ஆறு வாரம் அவர் உங்களை என்ன பேச்சுப் பேசினார்! ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னேளா? நீங்க ஒரு ஆம்பிளைன்னு... இப்ப இந்தக் குளிர்ல ரெண்டு வாரம் எப்படி இருக்கறது? சொல்லுங்கோ!"

வாஞ்சிநாதன் நிதானமாகக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பேஸ்மென்ட் கதவைத் திறந்தார்.

"இரு, ஸ்விட்சைப் போட்டுட்டு வரேன். ஆஃப் பண்ணினது நான்தானே."