மூன்றாவது லென்ஸ்

“இந்த லென்ஸும் சரியில்ல தம்பி. இன்னும் தூரமா புடிக்கிறது இருந்தா குடு” என்று ராஜாங்கம் கேமராவை மேசைமேல் வைத்தார்.

தனசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்குக் கேமரா வாடகைக்குக் கொடுக்கிறான். லென்ஸ்மேல் பழி போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறான். ஆனால் கரியாலூர்ப் பக்கத்து அருவியை எடுக்கப் போய் இரண்டு தடவையும் அருவியைக் கோட்டைவிட்டவர் இவர் ஒருவர்தான்.

முதல் தடவை சாதாரண லென்ஸ். படம் முழுக்கப் பாறை, ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு கீற்றுக்கொட்டகைக் கடை. இரண்டாவது தடவை கொஞ்சம் நீள லென்ஸ் கொடுத்தான். கடை பெரிதாக வந்தது, கிழங்கு விற்கிற பெண்ணுக்குத் தலை வரவில்லை.

“அருவிக்கு வைடு லென்ஸ்தாங்க வேணும் பெரியவரே. கிட்டப் போயி நின்னு எடுத்தீங்கன்னா அம்சமா விழும்.”

“கிட்டப் போவ முடியாது. எதிர்க்கரையில குந்திக்கினுதான் எடுக்கணும். ஆளு மூஞ்சி தெளிவா தெரியணும், அவ்ளோதான்.”

“அருவிக்கு ஏதுங்க மூஞ்சி?”

ராஜாங்கம் சிரிக்கவில்லை. “வூட்ல பச்சையம்மா படுத்த படுக்கையா கெடக்குது. ஒரே ஒரு படம் கொண்டாந்து காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். அது போறதுக்குள்ள காட்டிப்புடணும்.”

தனசேகரனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நைனார்பாளையத்தில் ராஜாங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டி ரோட்டில் போட்ட போராட்டத்தில் ஊர் ஜனத்துக்கு முன்னால் நின்றவர். இரண்டு வருஷமாகியும் அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டிக்கு அருவி காட்ட இப்படி அலைகிறாரே என்று மனசு இளகியது.

“நானே வந்து எடுத்துத் தரட்டுங்களா?”

“வேணாம்.” வெடுக்கென்று வந்தது பதில். “யாரும் வர வேணாம். நீ லென்ஸைக் குடு.”

இருப்பதிலேயே நீளமான லென்ஸை எடுத்து மாட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்ட கையின் உள்ளங்கையில் வட்டமாக ஒரு கருத்த தழும்பு. வெல்லம் காய்ச்சும்போது சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

“இது துளி ஆடினாலும் குறி தப்பிடுங்க. இடது கண்ணை மூடிக்கினு, வலது கண்ணால நல்லா பாத்து அமுக்குங்க.”

“ரெண்டையும் மூடிக்கினா விழாதா?”

தனசேகரன் வாய்விட்டுச் சிரித்தான். பெரியவருக்குக் கிண்டல்கூட வருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

நடுவில் ஒரு மறியல் வந்து மலைக்குப் போகிற பஸ் நின்றது. அது ஓய்ந்த பிறகு ராஜாங்கம் போய் எடுத்துவந்தார். பிலிம் ரோலைக் கொடுத்துவிட்டு, கழுவி முடிகிறவரை ஸ்டுடியோ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தனசேகரன் படங்களை மேசையில் பரப்பியதும் வழக்கம்போல எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வந்து பாருங்களேன்.”

“கண்ணாடி கொண்டாரல. நீயே பாத்துச் சொல்லு. மூஞ்சி விழுந்திருக்குதா?”

பாறை. கீற்று. ஒரு முழங்கை. பாதிப் புடவை. இத்தனை நல்ல லென்ஸைக் கொடுத்தும் இப்படியா என்று தனசேகரனுக்கு எரிச்சலாக வந்தது. கடைசிப் படத்தைக் கையில் எடுத்தான்.

“இதுலயும் கடைக்காரப் பொண்ணுக்குத் தலை இல்லீங்க. கொழந்த மட்டும் அழகா விழுந்திருக்குது.”

“எந்தக் கொழந்த?”

“அந்தப் பொண்ணு கையில இருக்கறதுதாங்க. ரெண்டு கையாலயும் தூக்கி, உங்களுக்கு நேரா காட்டிக்கினு நிக்குதே.”

ராஜாங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார். “எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குதா?”

தனசேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்க பொண்ணா? படம் எடுத்தது நீங்கதானுங்களே. எதிர்ல நின்னது தெரியலீங்களா?”

அவர் திரும்பாமலே உள்ளங்கையைப் பின்பக்கமாக விரித்துக் காட்டினார்.

“வேற சாதிப் பையனோட போயிட்டாளேன்னு, ஊருக் கூட்டத்துல எரியற சூடத்த இந்தக் கையால அணைச்சேன். அவ மூஞ்சில முழிக்கமாட்டேன், போட்டோவுலகூடப் பாக்கமாட்டேன்னு சத்தியம். வூட்ல இருந்த அவ படத்தையெல்லாம் அடுப்புல போட்டேன். பச்சையம்மா சத்தியம் பண்ணலியே, அதுவாவது பாக்கட்டும்னுதான்...” விரித்த கையை மடக்கிக்கொண்டார். “கெழங்கு கெழங்குன்னு அவ கூவுற பக்கமா திருப்பி வெச்சு, ரெண்டு கண்ணையும் மூடிக்கினுதான் தம்பி எடுத்தேன்.”

தனசேகரன் கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்தான். எதிர்க்கரையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பனுக்கு, பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ஈரம் காயாத படத்தை ஓரமாகப் பிடித்து மெல்ல ஊதினான்.

ராஜாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டினார்.

“அதுல அவ மூஞ்சி விழலன்னு நல்லா பாத்துட்டியா தம்பி? அப்ப இப்பிடிக் குடு.”