வாசலில் நின்ற வண்டி

கர்ர்ர்... கரக்... கர்ர்ர்.

இருட்டினதும் கீழே கார் நிறுத்துகிற இடத்திலிருந்து அந்தச் சத்தம் இன்றைக்கும் கேட்டது. இன்ஜின் சத்தம் இல்லை. டயர் மட்டும் சிமென்ட்டில் உருள்கிற சத்தம்.

ஜென்சியின் தோளில் மகள் ஜோசலின் அப்போதுதான் கண் அசந்திருந்தாள். இரண்டு வயசு. மூச்சில் இன்னும் லேசாக விசில். கணவன் சாலமன் நைட் ஷிஃப்டுக்கு ஆபீஸ் வண்டியில் போய்விட்டான். குழந்தைக்கு ஏதாவது என்றால் அவளேதான் காரை எடுக்க வேண்டும்.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டு அரிகிருஷ்ணன்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுடைய காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சாலமனுக்குப் போன் போட்டாள்.

"அந்த அங்கிள் நம்ம வண்டியைத் தள்றாருங்க."

"தள்றதுக்குத்தானே நியூட்ரல்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு வர்றோம்? இடம் பத்தாத ஃப்ளாட்ல எல்லாரும் அப்படித்தான்."

"தினமும் தள்றாரு. நம்ம வண்டியைத் தெருவுக்கு இறக்கிட்டு, தன் புது வண்டியை உள்ள பத்திரமா விட்டுட்டு, அப்புறம் நம்மளதை வாசல்ல நிறுத்துறாரு. தண்ணி லாரி உரசினா யார் வண்டியை உரசும்?"

"ஆட்டோமேட்டிக்காரர் இல்லையா? வண்டி தானா ஓடுது, மூளை நல்லா ஓய்வா இருக்கு" என்று சிரித்தான் சாலமன்.

இந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அரிகிருஷ்ணன் புதுக் கார் வாங்கி லட்டு கொண்டுவந்த அன்றைக்கே, "கியர் போடாததெல்லாம் டிரைவிங்கா அங்கிள்? அது சுவிட்ச் போட்டா சுத்துற கிரைண்டர். தேர்டு கியர் விழும்போது வண்டி ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அந்தச் சுகமே தனி" என்றிருந்தான்.

"முட்டி ஒத்துக்கலப்பா. கிளட்ச் மிதிக்க முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

போன மாதம் அதற்கு வஞ்சம் தீர்த்துக்கொண்டார் என்றுதான் ஜென்சி நம்பினாள். ஜோசலினுக்கு மூச்சு திணறிய அன்றைக்கு அவருடைய வண்டி குறுக்கே நின்றது. சாவியோடு அவர் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில். ஃப்ளாட்டே கூடித் தள்ளியும் அசையவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி ஆட்டோ பிடித்தார்கள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இன்றைக்கு விடுவதாக இல்லை. வீடியோ எடுத்தாள். ஃப்ளாட் குரூப்பில் போட்டாள்: 'எங்க கார் என்ன இவருக்கு வாட்ச்மேனா?'

மளமளவென்று பதில்கள் வந்தன. கூடவே சிரிப்புப் பொம்மைகள்.

அந்தத் தைரியத்தில் குழந்தையோடு கீழே இறங்கி அழைப்பு மணியை அடித்தாள்.

அவர் மனைவி கங்கையம்மாள் கதவைத் திறந்தாள். கையில் போன். பின்னால் சோபாவில் அரிகிருஷ்ணன் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நீ போட்ட படத்ததான் பார்த்துக்கினு இருக்கேன்."

"பார்த்தீங்கல்ல? உங்க வண்டி மேல கீறல் விழக்கூடாது. எங்க வண்டி எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல, அப்படித்தானே ஆன்ட்டி?"

"கங்கா, வுடு" என்றார் அரிகிருஷ்ணன்.

"இன்னாத்த வுடறது? ஃப்ளாட்டே சிரிக்குது! ஏம்மா, எங்க வண்டிய நியூட்ரல்ல வுட்டா சாவியே வெளிய வர்ல. பார்க்கிங்ல போட்டுட்டா யானை வந்தாலும் தள்ள முடியாது. புது வண்டி, இது எங்களுக்கே அப்ப தெரியாது. கல்யாணத்துலேர்ந்து வந்து விஷயத்தக் கேட்டு அன்னிக்கு இந்த மனுஷன் சோறு துன்னல."

"அதுக்கு?"

"அதுக்கா? புள்ளைக்கு மறுபடியும் இழுத்தா, எந்த வண்டியும் குறுக்க நிக்காம, நீ ஏறினதும் நேரா போவணும்னுதான் உன் வண்டிய முன்னால நிறுத்திக்கினு கீறாரு. கிளட்ச்சு மிதிக்க முடியாத முட்டிய வெச்சிக்கினு! சொல்லலாம்னா, நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கினு போறீங்களே!"

ஜென்சி கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"போம்மா. போய் இதையும் குரூப்புல போடு."

கங்கையம்மாள் கதவை ஓங்கிச் சாத்தப் போனாள்.

"மெதுவாடி" என்றார் உள்ளே இருந்தவர். "தோள்ல புள்ள தூங்குது பாரு."

கதவு சத்தமில்லாமல் மூடியது. உள்ளே தாழ்ப்பாள் அதைவிட மெதுவாக விழுந்தது.