எதிர்வாசல் வைத்தியம்

“யார் வண்டி அது?”

ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார் டாக்டர் ஹோபர்ட்.

“எஸ்டிலோட வண்டி மாதிரி இருக்கு,” என்றாள் நோரீன். அவருக்கு மனைவியும் அவள்தான், வாசல் மேஜையில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறவளும் அவள்தான். ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தவில்லை. கூப்பிட ஆள் இருந்தால்தானே நிறுத்த!

“நம்ம வாசல்ல நிக்குதா?”

“நின்னா சத்தம் கேட்டிருக்குமே.”

வண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றது. அங்கே இருந்த பழைய சலவைக்கடைக்கு வெள்ளையடித்து, ‘மலையோர மக்கள் மருத்துவமனை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர்களும் வரலாம். அவரவர் சம்பாத்தியத்துக்குத் தகுந்த மாதிரி கொடுத்தால் போதும்.

ஹோபர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடி, அந்தக் கென்டக்கி மலையூரில் பாதிப்பேருக்கு இன்சூரன்ஸ் போனபோது யார் பார்த்தது? அவர்தான். பணம் இல்லையா, மான்கறி கொண்டுவா. மான் சிக்கவில்லையா, விறகு பிளந்து போட்டுவிட்டுப் போ. அப்படிப் பார்த்த மனுஷனை விட்டுவிட்டு ஊரே சாலையைத் தாண்டிவிட்டது.

அதுவும் யாரிடம்? கெய்லாவிடம். பனி கொட்டின ஒரு காலையில் இவர் கையில் வந்து பிறந்த பெண். நர்ஸ் படிப்புக்கு மேலும் படித்து, மருந்து எழுதித் தருகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

“என்கிட்ட இல்லாதது அப்படி என்ன இருக்கு அவகிட்ட?”

“சிரிச்சுப் பேசுறாளாம்.”

“நான் சிரிக்கிறதில்லையா?”

“நீ சிரிச்சு நான் பார்த்தது நம்ம கல்யாண போட்டோவுலதான்.”

அப்போது சாலையில் பியூலா வந்தாள். கையில் வினிகரில் ஊறவைத்த பீட்ரூட் பாட்டில். வருஷா வருஷம் முதல் பாட்டில் டாக்டருக்குத்தான் வரும். ஹோபர்ட் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பியூலா வாசல்படியை ஒரு பார்வை பார்த்தாள். நிற்காமல் சாலையைத் தாண்டினாள்.

“பீட்ரூட்டையும் அங்க கொண்டுபோறா, நோரீன்! என் பீட்ரூட்டை!”

“இவ்வளவு எரியுதுன்னா நேர்ல போய்க் கேளேன். ஜன்னல்கிட்ட நின்னு பொருமி என்ன ஆகப்போகுது?”

“கேக்கத்தான் போறேன்!”

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பினார்.

சாலை ஒன்றும் அகலமில்லை. ஆனாலும் நடுவில் ஒருமுறை நின்று, வராத வண்டியைப் பார்ப்பதுபோல் அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் நுழைந்ததும் உள்ளே பேச்சு அடங்கிப்போனது. தொப்பிகள் தாழ்ந்தன.

“எஸ்டில், முழங்காலுக்கு என்ன கட்டு?”

“பழைய வலிதான் டாக்டர்.”

“பழைய வலி வலது கால்லதானே? கட்டு இடது கால்ல இருக்கு?”

எஸ்டில் குனிந்து தன் காலைப் பார்த்தான். “அது... இடம் மாறிடுச்சு டாக்டர்.”

“பியூலா, உனக்கு?”

“இருமல்.”

“எங்க, இருமு பார்ப்போம்.”

பியூலா இருமினாள்.

“எங்க தோட்டத்து ஆடு இதைவிட நல்லா இருமும். வியாதியே இல்லாம வந்து உட்கார்ந்திருக்கீங்க! அப்படி என்ன சொக்குப்பொடி போட்டா அவ உங்களுக்கு?”

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு கெய்லா வந்தாள். “வாங்க டாக்டர்.”

“என் ஆளுங்களை என்கிட்ட அனுப்பு.” சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

“இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி உங்க நெஞ்சை நான் பார்க்கணும்.”

“என் நெஞ்சுக்கு என்ன?”

“ராத்திரி படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்குறியே, அதுதான்.” குரல் பின்னாலிருந்து வந்தது. நோரீன். அவர் எறிந்துவிட்டு வந்த கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தாள். “எங்கேயாவது போய்க் காட்டுன்னா, ‘நானே டாக்டர்’னு சொல்ற. நெஞ்சு வலின்னா நீ இந்தச் சாலையைத் தாண்டமாட்ட. பொறாமைன்னா ஓடி வருவேன்னு எனக்குத் தெரியும்.”

ஹோபர்ட் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நோரீன், நம்மகிட்டதான் இன்சூரன்ஸ் இல்லையே...”

“ஊருக்கே தெரியும் டாக்டர்,” என்றாள் பியூலா. இப்போது இருமலைக் காணோம். “எங்களைச் சும்மா பார்த்துப் பார்த்து, உங்களுக்கு இன்சூரன்ஸ் கட்ட வழியில்லாம விட்டுட்டீங்க.”

“அதுக்காக நான் வந்து தர்ம வைத்தியம்...”

“தர்மம் யாருக்கு வேணும்? இங்க வருமானத்துக்குத் தகுந்த ஃபீஸ்,” என்றாள் கெய்லா. “உங்க வருமானம் மான்கறியும் விறகும். அதுக்கு ஒரு பாட்டில் பீட்ரூட் சரியா இருக்கும். உங்க பேர்ல பியூலா இப்பத்தான் கட்டினாங்க.”

ஹோபர்ட் திரும்பிப் பியூலாவின் வெறும் கையைப் பார்த்தார்.

எஸ்டில் முழங்கால் கட்டை அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, ஜோராக எழுந்து நின்றான்.

“உட்காருங்க டாக்டர். இத்தனை நாளா உங்களுக்குத்தான் இடம் பிடிச்சு வச்சிருந்தோம்.”