கொஞ்சம் கறிவேப்பிலை

"அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமா?"

மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கின் ஏழாவது மாடியில் தினமும் காலை எட்டு மணிக்குக் கேட்கும் குரல். நான்கு வீடு தள்ளியிருக்கும் சாமுண்டீஸ்வரி.

"வாங்க வாங்க. வாசல்ல தேக்கா மார்க்கெட்டுன்னு ஒரு போர்டு மாட்டலாம்னு இருக்கேன்," என்றார் அழகேசன்.

"மாட்டுங்க. அப்படியே நேத்து நீங்க வெச்ச ரசத்துக்கும் ஒரு எச்சரிக்கை போர்டு மாட்டுங்க. லிஃப்ட் வரைக்கும் தீஞ்ச வாடை லா!"

உட்கார்ந்தாள். கோப்பி குடித்தாள். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று அதட்டினாள். மூன்றாவது மாடிக்காரரின் புதுப் பல்செட்டை நடித்தே காட்டினாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் வந்தவள், கறிவேப்பிலையோடு கிளம்ப அரை மணி நேரம் ஆனது.

மகள் அனுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மங்களம் போய் எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் அப்பா சரியாகச் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை. 'தனியா விடாதீங்க' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் இன்று சுவா சூ காங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து அவர் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க உங்களுக்கு யாருப்பா இருக்கா? ஓசிக்கு வர்ற இந்த ஆன்ட்டியா? என்கூட வந்துடுங்க."

"உன் வீட்டுல யாரும்மா இருக்கா? ஏழு மணிக்கே எல்லாரும் வேலைக்குப் போயிடுவீங்க. எனக்குப் பேச்சுத்துணைக்கு ஃபிரிட்ஜ் இருக்கும். நல்ல ஃபிரிட்ஜ்தான், டபுள் டோர்."

"கிண்டல் போதும்பா. எனக்குப் பயமா இருக்கு," என்றவள், பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனாள்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"அப்பா! அந்த ஆன்ட்டி வீட்டு வாசல்ல, தொட்டியில என் உயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடி நிக்குது! அதை வெச்சுக்கிட்டு தினமும் உங்ககிட்ட வந்து கேக்கறாங்க. உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க!"

அழகேசன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். மகள் கையிலிருந்த பையை வாங்கி அலமாரிக்குள் வைத்தார்.

"கத்தாதே, அவங்க காதுல விழுந்துடப் போகுது. தினமும் காலைல ஆறு மணிக்கு நான் அந்தச் செடியிலதானே பறிச்சுட்டு வந்து வெக்கிறேன்!"