குளிர் தேசத்துக் கோட்டு

"இன்னைக்கு எந்த ஊருன்னு பாரும்மா" என்று வீட்டுக்காரம்மா போனை நீட்டியபோது, மாடியில் குடியிருக்கும் தையல்காரியின் கத்தரி பாதித் துணியில் நின்றது.

இன்றைக்கு எந்த ஊரும் இருக்க வழியே இல்லை.

தையல்காரிக்குத் தெருவில் 'ரேடியோ' என்று பெயர். ஒரு வீட்டு விஷயம் காதில் விழுந்தால், அளவு டேப்பைச் சுருட்டி வைப்பதற்குள் அது நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வாய் அப்படி.

அந்த வாய் பத்திரமாக வைத்திருந்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரம்மாவின் மகள் காணாமல் போனாள். ஒரு பை, நாலு உடுப்பு, 'குட்டிச்சாத்தான்' என்று அவள் பெயர் சூட்டியிருந்த போன், எல்லாமும் கூடவே போய்விட்டன. அன்றிலிருந்து அந்தப் போன் அணைந்தே கிடக்கிறது.

அதற்கு மூன்று நாள் முன்புதான் ரேடியோ படியில் எதிர்ப்பட்ட வீட்டுக்காரரிடம் வாய் சும்மா இருக்காமல், "உங்க பொண்ணை பஸ் ஸ்டாப்புல ஒரு பையனோட பார்த்தேன் சார்" என்று சொல்லியிருந்தாள்.

"அப்படியா" என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

தாய் போலீசில் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. தன் வாய் செய்த வேலையால் ஒரு மனுஷி உருகிப்போவதை மாடியில் இருந்தபடி எத்தனை நாள் பார்ப்பது?

அந்த வீட்டில் இணையத்தில் படம், தொடர் பார்க்கும் கணக்கு ஒன்று இருந்தது. மகள் ஆரம்பித்தது. எந்தக் கருவியில், எந்த ஊரிலிருந்து, எந்த இணைய முகவரியில் பார்த்தார்கள் என்று அதில் பட்டியல் வரும். கடவுச்சொல் ரேடியோவுக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். ரேடியோவுக்குத் தெரியாதது எது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் டேப்லெட்டில் வி.பி.என். போட்டாள். இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் செயலி. திறந்ததுமே சிவப்பு எழுத்தில் மிரட்டும்: 'நீங்கள் வெளியே தெரிகிறீர்கள். உங்கள் முகவரி இது.' கீழே ஓர் எண். கீழ் வீட்டு வைஃபையின் எண்தான். ரேடியோ ஓசியில் உறிஞ்சுவது அதைத்தானே. வாராவாரம் பார்த்து, கடைசியில் 47 என்று முடிவது வரை மனப்பாடம். ஒரு நாட்டைத் தொட்டால் எண் மறைந்துவிடும்.

அப்புறம் கணக்கில் நுழைந்து, மகளுக்குப் பிடித்த தொடரைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

தாய் தன் போனில் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினால் படித்துச் சொல்வதும் அவள்தான். முதல் வாரம் சிலி. அடுத்து போர்ச்சுகல்.

தாய் சாப்பிட ஆரம்பித்தாள். "ஊர் ஊரா சுத்துறா பாரு கழுதை" என்று திட்டவும் ஆரம்பித்தாள். திட்டு வந்தால் உயிர் வந்துவிட்டது என்று பொருள்.

வீட்டுக்காரர் மட்டும் எந்த ஊர் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரோஷக்காரர் என்றது தெரு. "அதான் எங்கயோ நல்லா இருக்காளே" என்று மனைவியைப் புகாரை வாபஸ் வாங்க வைத்ததோடு சரி.

நார்வே காட்டிய வாரம் தாய் கம்பளித் துணியோடு மேலே வந்தாள். அங்கே பனி கொட்டுமாம். என்றைக்காவது விலாசம் கிடைத்தால் அனுப்ப வேண்டுமாம். ரேடியோ பழைய அளவு நோட்டைப் புரட்டினாள். தோள் பதினாலு, கை இருபத்திரண்டு. தான் கிளப்பிவிட்ட குளிருக்குத் தானே கோட்டு தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் காய்ச்சல் வந்து அவளைப் படுக்கையில் போட்டது. மூன்று ஞாயிறாக டேப்லெட்டைத் தொடவில்லை. பட்டியலில் ஒன்றும் வராததைப் பார்த்து, நாளைக்கே மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று தாய் நேற்று குதித்தாளாம்.

"இவர்தான், அவசரப்படாத, இன்னைக்கு ஒரு நாள் பார்த்துட்டுப் போன்னாரு. நான் கடைக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், புதுசா ஒரு வரி வந்திருக்கு. எனக்கெங்க இங்கிலீஷ் தெரியுது, நீ படிச்சுச் சொல்லு."

ரேடியோ படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

படியில் செருப்புச் சத்தம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வீட்டுக்காரர் மாடி வாசலில் வந்து நின்றார்.

"எந்த ஊராம்?"

ரேடியோ தன் ஆயுசில் இரண்டாவது விஷயத்தை விழுங்கினாள்.

"நார்வேதான் சார்."

தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் மேஜைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்ப சீக்கிரம் தைச்சுக் குடுத்துடும்மா. பாவம், பிள்ளை குளிர்ல கிடக்குறா."

இரண்டு பேரும் இறங்கிப்போய்க் கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ரேடியோ மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

திரையில் நார்வே இல்லை. நேரம், இன்று காலை பதினொன்று. முகவரி, 47 என்று முடியும் அந்த எண்.

கருவியின் பெயர், குட்டிச்சாத்தான்.